உப்புப் பெட்டியா, கடற்கரையா?

இரும்பில் அடித்த பூச்சு துருவை எவ்வளவு தடுக்கும்? இதைப் பார்க்க இரண்டு வழிகள். ஒன்று, உப்புத் தெளிப்புப் பெட்டி. 1939-இல் வந்த ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) பி117 முறைப்படி, 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் விடாமல் பனிபோலத் தூவுவார்கள். பூச்சில் ஒரு கீறல் போட்டு, அங்கிருந்து துரு எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அளப்பார்கள். சில வாரங்களில் முடிவு கையில் இருக்கும்.

மற்றது, தகடுகளைக் கடற்கரையில் சட்டத்தில் மாட்டி வருடக்கணக்கில் விட்டுவிடுவது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் இப்படிச் சோதித்திருக்கிறது.

பெட்டியில் வெயிலும் இல்லை, ஈரம் காய்வதும் இல்லை. அதுதான் பெரிய குறை. துத்தநாகம் பூசிய தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நனைந்து நனைந்து காயும்போது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அதன்மேல் துத்தநாக கார்பனேட் படலம் படியும், அதுவே கவசம். பெட்டிக்குள் எந்நேரமும் ஈரம் என்பதால் அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. நல்ல பூச்சுகூட அங்கே தோற்றுப்போகும், பாவம். எபாக்ஸி என்ற பிசின் பூச்சின் கதை நேர் எதிர்: வெயிலில் மாவாக உதிரும் அது, பெட்டிக்குள் ஜம்மென்று நிற்கும்.

அதனால் பெட்டியில் 1000 மணி நேரம் தாங்கினால் வெளியே இத்தனை வருடம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே பூச்சின் தரம் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறதா என்று பார்க்கப் பெட்டி போதும். கடலோரப் பாலத்துக்குப் பூச்சு தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், நான் கடற்கரைத் தகட்டைத்தான் நம்புவேன்.