தையல் மெஷின் பெடலும் 101 எஃப்எம்மும்: 12 வருஷமா ஊர்ப்பேச்சு கேட்ட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவுல ஒரு ஊர்ல 2013ல இருந்து தையல் கடை வச்சிருக்கேன். கடை தொறந்த மறுவாரமே ஒரு ரேடியோ வாங்கினேன், 750 ரூபா, கரண்ட்லயும் ஓடும், ரெண்டு கட்டை பேட்டரி போட்டாலும் ஓடும். இந்தப் பதிவு பாதி அந்த செட்டைப் பத்தி, மீதி அதுல நாகர்கோவில் வானொலி 101 எஃப்எம்ல வார பேச்சு நிகழ்ச்சியளப் பத்தி. அதாவது ரோடு, வெள்ளம், கடல், ரப்பர், ஆஸ்பத்திரின்னு ஊர் விஷயத்த ஆளைக் கூப்பிட்டு வச்சு பேசுறது, நடுவுல நேயருங்க ஃபோன் போட்டு கேள்வி கேக்குறது. (வெள்ளம்னா எங்க ஊர்ல தண்ணி, பிரளயம்னு பயந்துராதீங்க.) பாட்டு எல்லாரும்தான் கேக்குறோம், அதுக்கு ரிவ்யூ வேண்டாம்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விஷயம். நாகர்கோவில் வானொலி 1984ல ஆரம்பிச்சது, ஆகாசவாணி இந்தியாவுல போட்ட முதல் உள்ளூர் வானொலி அதுதான். ஒரு மாவட்டத்துக்குன்னு தனியா ஒரு ஸ்டேஷன்ங்கற யோசனைய மொதல்ல நம்மகிட்டதான் போட்டுப் பாத்திருக்காங்க. அதுக்கு முன்ன எங்க அப்பாவுக்க காலத்துல மீடியம் வேவ்ல திருநெல்வேலி, திருவனந்தபுரம், ராத்திரியானா இலங்கை. ஒண்ணு திருநெல்வேலி வயலப் பத்தி பேசும், இன்னொண்ணு மலையாளத்துல பேசும், நம்ம ஏலாவை, அதாவது நம்ம ஊர் வயலைப் பத்தி பேச ஆளில்லைன்னு அப்பா சொல்லுவாங்க.

சிக்னல் பத்தி. எஃப்எம் நேர்கோட்டுல போற அலை, மலை குறுக்க வந்தா அடங்கிரும். எங்க கடைல வேளிமலை ஒரு பக்கம் நிக்குது, அதனால செட்டை மேசையில வச்சா இரையும், ஜன்னல் கம்பி பக்கத்துல வச்சா கேக்கும், அதுலயும் நான் எழும்பி அந்தப் பக்கம் போனா திரும்ப இரையும், என்னையே ஏரியல்னு நெனச்சிருச்சு போல. களியக்காவிளைல எங்க அக்கா வீட்டுக்குப் போனா வேற கூத்து, நம்மது 101, திருவனந்தபுரம் அனந்தபுரி 101.9, திருகுற முள்ளு கொஞ்சம் நகந்தாப் போதும் வாழை வெலையப் பத்தி தமிழ்ல பேசிட்டிருந்தவரு திடீர்னு மலையாளத்துல செய்தி வாசிப்பாரு. அக்கா ரெண்டையும் கேப்பா, அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஃபோன்ல கேக்கலாமேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. பழைய ஃபோன்ல எஃப்எம் உண்டு, ஆனா இயர்ஃபோன் வயருதான் அதுக்கு ஏரியல், வயர் மாட்டாம பாடாது. இப்பம் வார நெறைய ஃபோன்ல அந்த ஓட்டையே இல்ல. ஆப்ல கேட்டா தெளிவா கேக்கும், ஆனா எந்த ஆப்பா இருந்தாலும் கொஞ்ச நேரம் பிந்தித்தான் வரும், பக்கத்து டீக்கடைல "வணக்கம்" சொல்லி முடிச்சு பாதி விஷயம் போன பெறவு என் ஃபோன்ல வணக்கம் வரும். பேட்டரி செட்டுதான் கொள்ளாம்.

இனி பேச்சுக்கு வரேன். எனக்க மெஷின்ல மோட்டர் மாட்டியிருக்கு, அது ஓடும்போது ரேடியோ கரகரங்கும். அதனால ஏதாச்சும் முக்கியமா காதுல விழுந்தா பெடல்ல இருந்து காலை எடுத்துருவேன். 12 வருஷத்துல நான் கண்டுபிடிச்ச அளவுகோல் இதுதான், எதுக்கு காலை எடுத்தேன், எதுக்கு எடுக்கல. யாரோ ஒரு அதிகாரி வந்து "இத்திட்டத்தின் கீழ் பயனாளிகள் உரிய ஆவணங்களுடன்"னு தொடங்கினாருன்னு வைங்க, நான் ஒரு பிளவுஸ் கை ரெண்டும் ஏத்தி முடிச்சிருவேன். அவரு சொல்றது தப்புன்னு இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கும், ஆனா நோட்டீஸ் போர்டு பேசுற மாதிரி இருக்கும். நேயர் ஃபோன் வந்ததும் கால் தானா நின்னுரும். முதல்ல ஒரு பெரிய விசில் சத்தம் வரும், "அய்யா உங்க ரேடியோ சத்தத்தக் கொறைங்க"ன்னு ஸ்டுடியோல இருந்து சொல்லுவாங்க, அவரு "ஹலோ ஹலோ கேக்குதா"ம்பாரு, பின்னால கோழி கத்தும், யாரோ "எம்மா அடுப்ப பாரு"ன்னு சத்தம் போடுவாங்க. அந்தக் கோழிச் சத்தத்துலயே எனக்கு நம்பிக்கை வந்துரும், இது நம்ம ஆளு.

மறக்காத ஒண்ணு சொல்றேன். ஒரு ஜூன் மாசம், கன்னிப்பூ சாகுபடிக்கு (வருஷத்துல மொத நெல்லு) அணை தொறந்தாச்சு. பேச்சிப்பாறைல விட்ட வெள்ளம் புத்தன் அணைக்கு வந்து அங்க இருந்து சானல் சானலா பிரிஞ்சு போகும், பேச்சிப்பாறை அணை 1906ல கெட்டினது, மொத்தம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, இதெல்லாம் எங்க ஊர்ல சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும், தினமும் இன்னைக்கு எத்தன அடின்னு கேக்குறோம்லா. அன்னைக்கு நிகழ்ச்சில வெள்ளம் போதுமான அளவு இருக்குன்னு பேச்சு ஓடிட்டிருந்தது. ஒரு பெரியவரு லைன்ல வந்தாரு, கடைமடைக்காரரு. "அணைல இத்தன அடி நிக்குதுன்னு சொல்லுதியளே, எனக்க வயல்ல எத்தன அடி நிக்குதுன்னு ஒண்ணு வந்து அளந்து சொல்லுங்க"ன்னாரு. ஸ்டுடியோல ஒரு நிமிஷம் யாருமே பேசல. ரேடியோல பேசாம இருந்தா அது எவ்வளவு பெரிசா கேக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. பெறவு அவரு நிதானமா சொன்னாரு, எந்த இடத்துல பாசி அடைச்சிருக்கு, எந்த மதகு பலகை இல்லாம கெடக்கு, எந்த வளைவுல கரை இடிஞ்சு வெள்ளம் தோட்டுக்கு (ஓடைக்கு) போயிருதுன்னு, கைப்பிடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி சானல் முழுக்க நடத்திட்டாரு. ஒரு சட்டைக் காலரு பாதியில நின்னு போச்சு, ஆளு வந்து கேட்டப்பம் "அணை தொறந்தாச்சு அண்ணே, நாளைக்கு வாங்க"ன்னு ஒளறினேன்.

எங்க அப்பாவும் கடைமடைதான். அதனால எனக்கு கூடுதலா பட்டிருக்கலாம், ஒத்துக்கிறேன்.

கடல் விஷயத்துலயும் இப்படித்தான். ஹைதராபாத்ல இருக்கிற கடல்சார் தகவல் மையம் கொடுக்கிற எச்சரிக்கைய வாசிப்பாங்க, அலை இத்தன மீட்டர், இத்தன நொடி இடைவெளின்னு. ஒருக்கா அதுக்குப் பெறவு கடற்கரையில இருந்து ஒரு அண்ணன் ஃபோன்ல, "கள்ளக்கடல் வருதுன்னு சொல்லுங்க சார், காத்து இருக்காது, வானம் தெளிஞ்சு கெடக்கும், அப்பமும் கடல் ஏறி வரும், வள்ளத்த மேல ஏத்திக் கெட்டுங்க"ன்னாரு. தூரத்துல எங்கயோ தெக்குக் கடல்ல அடிச்ச காத்துல எழும்பின அலை நாள்கணக்கா வந்து நம்ம கரையில ஏறுது, கள்ளன் மாதிரி சொல்லாம வாரதுனால அந்தப் பேரு. இப்பம் அந்த மையமே கள்ளக்கடல்னு போட்டுத்தான் எச்சரிக்கை விடுது. மீனவரு சொல்லு விஞ்ஞானிக்கும் ஆகியிருக்கு பாருங்க.

ஒக்கி புயல் சமயம், 2017 நவம்பர் 30, அதைப் பத்தி அதிகம் எழுத மனசு வரல. கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு நாள்கணக்கா இருட்டு, ஃபோன் டவரும் போச்சு, டிவி சும்மா பெட்டி. எங்க தெருவுல பேட்டரி போட்ட செட்டு எனக்க கடை செட்டு ஒண்ணுதான். திண்ணையில வச்சேன், தெருவே உக்காந்து கேட்டது. ஒருத்தி மட்டும் உக்காரல, தூத்தூர் பக்கத்துல இருந்து எங்க ஊருக்கு கெட்டிக் கொடுத்த பிள்ளை, அண்ணன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். ஆழ்கடல்ல கெடக்குற போட்டுக்கு எஃப்எம் எட்டாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், ஆனாலும் நின்னுகிட்டே கேட்டா.

ரப்பர் பேச்சு எனக்கு புரியாது, ஆனா பக்கத்து வீட்டு அக்கா டேப்பிங் போறவங்க, வெளுப்புக்கு முன்ன தலையில லைட்டு கெட்டிட்டு போய் சீவிட்டு வருவாங்க. கோட்டயம் சந்தை வெலை, ஆர்எஸ்எஸ் 4 ரக ஷீட்டு (புகை போட்டு உணக்கின ரப்பர் ஷீட்டுல ஒரு தரம்)ன்னு காதுல விழுந்தா ஓடி வந்துருவாங்க. மழை பெஞ்சா சீவ முடியாது, அந்த நாள் கூலி போச்சு, அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறாங்கன்னு அவங்களுக்கு குறை.

நானும் ஒருக்கா ஃபோன் போட்டேன். எங்க முக்குல ஒரு ரோடு, பைப்பு போட தோண்டினது, மூடவே இல்ல, பஸ் ஏறப் போற பிள்ளைய ரெண்டு மட்டம் விழுந்தாச்சு. அரைமணிக்கூர் அடிச்சு அடிச்சு லைன் கிடைச்சதும் சொல்ல வச்சிருந்தது எல்லாம் மறந்து போச்சு, "எனக்க பேரு"ன்னு தொடங்கி ஒரே மூச்சுல கொட்டிட்டேன். வந்திருந்தவரு மரியாதையாத்தான் கேட்டாரு, எழுத்துப்பூர்வமா மனு கொடுங்கன்னாரு. கொடுத்தேன். எந்த ஆபீஸ்னு சொல்ல வேண்டாம், மூணு மாசம் நடந்தேன், மேசை மாறுச்சே தவிர குழி மாறல. கடைசியில நிகழ்ச்சி கேட்ட ஒரு லோடு வண்டிக்காரரு, எனக்க குரலக் கேட்டு கடையக் கண்டுபிடிச்சு வந்து, "தங்கச்சி நீங்கதானே ரேடியோல பேசுனது"ன்னு கேட்டு, ஒரு வண்டி ஜல்லிமண்ணு தட்டிட்டுப் போனாரு. காசு வாங்கல. ஒரு பிளவுஸ் தைச்சுக் கொடுங்க வீட்டுக்காரிக்குன்னாரு, ரெண்டு தைச்சுக் கொடுத்தேன்.

குறைன்னா ரெண்டு சொல்லணும், இது எந்த ரேடியோ பேச்சுக்கும் பொருந்தும். ஃபோன் போடுறது எப்பமும் அதே ஏழெட்டு ஆளுதான், குரல வச்சே ஊரைச் சொல்லிருவேன், பொம்பளைங்க கொறைவு, அடுப்பு வேலை நேரத்துல லைன் தொறந்தா எப்படி வர முடியும். இன்னொண்ணு, போன வாட்டி சொன்ன பிரச்சினை என்னாச்சுன்னு திரும்பக் கேக்குறது ரொம்ப அபூர்வம். அந்த கடைமடைப் பெரியவருக்கு வெள்ளம் வந்துச்சா இல்லியான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அவரு குரலும் பெறவு கேக்கல.

செட்டுக்கு வருவோம். ஏரியல் ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே ஒடிஞ்சாச்சு, மோட்டர் ரீவைண்டிங் கடைல வாங்கின செம்புக்கம்பிய சுத்தி ஜன்னல்ல கெட்டியிருக்கேன். மூணு நாளா வால்யூம் திருகுனா ஒண்ணு முழுச் சத்தம், இல்லன்னா சுத்தமா இல்ல. புளூடூத் வாங்குங்கம்மான்னு பையன் சொல்லுதான். கட்டை பேட்டரி போடுற மாதிரி, முள்ளு திருகுற செட்டு இப்பமும் கிடைக்குதா? நாகர்கோவில் பக்கம் எங்கயாச்சும் பாத்தவங்க சொல்லுங்க, ஆயிரத்துக்குள்ள இருந்தா நல்லது.