தண்டையார்பேட்டை மாடியில அப்சர்வர் சீட்டு: எட்டு மாசம் உக்காந்த அனுபவம்

தண்டையார்பேட்டை மெட்ரோல இறங்கி டி.எச். ரோட்டுல ஒரு அஞ்சு நிமிஷம் நடந்தா ஒரு டயர் கடைக்கு மேல இருக்கிற கேமிங் சென்டர் இது. பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், ஓனர் அண்ணன் மனசு கஷ்டப்படக் கூடாது, ஏரியா ஆளுங்களுக்கு இவ்ளோ சொன்னாலே எதுன்னு புரிஞ்சிடும். விளையாடப் போறவங்களுக்காக நிறைய பேர் எழுதிட்டாங்க, மணிக்கு எவ்ளோ, ஏசி எப்படி, நாற்காலி எப்படின்னு. நான் எழுதுறது அங்க ஞாயித்துக்கெழம நடக்குற டோர்னமெண்ட்ல அப்சர்வரா வாலண்டியர் பண்றது எப்படி இருக்குன்னு. எட்டு மாசமா போயிட்டு வர்றேன்.

அப்சர்வர்னா யாருன்னு தெரியாதவங்களுக்கு: டிவில கிரிக்கெட் பாக்குறப்போ கிரவுண்ட சுத்தி கேமராமேன்ங்க நிப்பாங்கல்ல, கேம்ல அப்படி கேமரா எதுவும் கிடையாது. ஆடுற பத்து பேரோட கண்ணு வழியா பாக்கலாம், இல்ல மேல பறந்து பாக்கலாம், எந்த நேரத்துல எதைக் காட்டணும்னு முடிவு பண்ற பதினோராவது ஆளு தான் அப்சர்வர். அவரும் மேட்ச்சுக்குள்ள தான் இருப்பாரு, கையில துப்பாக்கி இருக்காது, ஆடுறவங்க யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாரு. வேலரண்ட், சிஎஸ் 2 (கவுண்டர் ஸ்ட்ரைக் 2)ன்னு அஞ்சஞ்சு பேரா ரெண்டு டீம் துப்பாக்கியோட மோதுற கேம்ங்க, ரெண்டுலயும் கீபோர்டுல 1ல இருந்து 5 வரைக்கும் ஒரு டீம், 6ல இருந்து 0 வரைக்கும் இன்னொரு டீம், நம்பரத் தட்டுனா அந்த ஆளோட பார்வைக்குப் போயிடும். பத்தே பத்து பட்டன். தப்பான பட்டனத் தட்டிட்டா லைவ்ல பாக்குற அத்தன பேரும் அன்னிக்கு ஆட்டத்தோட உயிரான நொடியப் பாக்காம விட்டுடுவாங்க, அதத் திருப்பிக் கொடுக்க நம்மால முடியாது.

இந்த எடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது கத்துக் கொடுக்குற விதம். ஹெட் அப்சர்வர் அண்ணன் வாரநாள்ல அம்பத்தூர் எஸ்டேட்ல வேலைக்குப் போறவரு, ஞாயித்துக்கெழம இங்க. முதல் மூணு வாரம் என்னை லைவ்ல உக்கார விடவே இல்ல, பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு "பாரும்மா, எதுவும் தொடாத, நான் அடுத்து எந்த நம்பருக்குப் போவேன்னு மட்டும் மெதுவா சொல்லிக்கினே இரு"ன்னாரு. நான் சொல்றதெல்லாம் ஒரு செகண்ட் லேட்டாவே வரும். துப்பாக்கி சத்தம் கேக்கும், நான் நம்பர் சொல்லுவேன், அதுக்குள்ள ஆளு செத்திருப்பான். அப்போ அவரு சொன்னது தான் இந்த வேலையோட மொத்தப் பாடமும்: "சத்தம் கேட்டு ஓடுனா நீ லேட்டு. சண்டை எங்க வரும்னு தெரிஞ்சு முன்னாடியே அங்க போய் நில்லு."

இது எனக்குப் புரிஞ்சது கேரம் போர்டால. நம்ம தெருவுல லைட்டு கம்பத்துக்குக் கீழ போர்டு போட்டு பவுடர் தூவி ராத்திரி வரைக்கும் ஆடுவாங்க, சின்ன வயசுல எனக்கு ஆட சான்ஸ் வராது, சுத்தி நின்னு பாக்குறது தான். ஸ்ட்ரைக்கர வைக்கிற எடம், விரல் மடங்குற விதம், ஆளு லேசா ஒரு பக்கம் சாயுறது, இதப் பார்த்தே எந்தக் காய் எந்தப் பாக்கெட்டுக்குப் போகும்னு நாங்க சொல்லிடுவோம். செரியன் நகர் காசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் ஜெயிச்சுட்டு வந்தப்போ எங்க தெருவே சந்தோஷப்பட்டுச்சு, ஏன்னா எங்களுக்கு அந்தப் பார்வை தெரியும். மினி மேப்பப் பாக்குறதும் அதே பார்வை தான். ஒரு புள்ளி ஒரு மூலையில அசையாம நிக்குது, இன்னொரு புள்ளி அந்த மூலைப் பக்கமா வருதுன்னா இன்னும் மூணு செகண்ட்ல அங்க சண்டை. பெரிய ஸ்கிரீன்ல பாதி நேரம் தான் கண்ணு இருக்கணும், மீதி நேரம் இடது ஓரத்துல இருக்கிற அந்தச் சின்ன மேப்புல. நடந்து வர்றவன் கண்ணு வழியா காட்டுனா பாக்குறவனுக்கு சாவு மட்டும் தான் தெரியும், யார் அடிச்சான்னு தெரியாது, அதனால பெரும்பாலும் காத்துக்கினு நிக்கிறவன் கண்ணுல இருக்கணும்னு அண்ணன் சொல்லுவாரு.

ஸ்பைக், அதாவது வேலரண்ட்ல ஒரு டீம் வைக்கிற குண்டு, அத வெச்சதுக்கு அப்புறம் தான் நிஜமான பரீட்சை. அது வெடிக்க 45 செகண்ட், டிஃப்யூஸ் பண்ண, அதாவது எதிர் டீம் அத செயலிழக்க வைக்க, 7 செகண்ட், 3.5 செகண்ட் பிடிச்சா பாதி சேவ் ஆயிடும், அப்புறம் விட்டுட்டு வந்து பிடிச்சா பாதியில இருந்து தொடரலாம். ஒருத்தனுக்கு ஒருத்தன்னு மிஞ்சி நிக்கிறப்போ டிஃப்யூஸ் பண்றவன் கூடவே இருந்து அந்தப் பாதிக் கோடு தாண்டுறதக் காட்டிட்டு, அப்புறம் தான் வெளியில ஒளிஞ்சிருக்கிறவன் பக்கம் தாவணும். முன்னாடியே தாவுனா பாதி ஆச்சா இல்லையான்னு கேஸ்டருக்கே (லைவ்ல கமெண்ட்ரி சொல்றவருக்கே) தெரியாது. நாலாவது மாசம் தான் இது எனக்கு சரியா வந்துச்சு, அன்னிக்கு ஹெட்போன்ல கேஸ்டர் தம்பி "பாதி முடிஞ்சிடுச்சு, பாதி முடிஞ்சிடுச்சு"ன்னு கத்துனது என் காதுல ரெண்டு நாள் இருந்துச்சு.

வீட்டுல பழக நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஹெச்எல்டிவி சைட்ல சிஎஸ் ப்ரோ மேட்ச்சோட டெமோ ஃபைல், அதாவது கேம்லயே திருப்பி ஓட்டிப் பாக்குற பதிவு, இலவசமா டவுன்லோட் பண்ணலாம், அத கேம்ல ஓபன் பண்ணி நீங்களே அப்சர்வர் மாதிரி நம்பர் தட்டிப் பாருங்க, அப்புறம் அதே மேட்ச்சோட ஒளிபரப்ப யூடியூப்ல போட்டு அவங்க எந்த செகண்ட்ல எங்க போனாங்கன்னு ஒப்பிடுங்க. நான் டெமோவ சத்தத்த மியூட் பண்ணிட்டு தான் போடுவேன், காத நம்பாம மேப்ப மட்டும் நம்ப அது தான் பழக்குச்சு.

இப்போ மெஷின் பத்தி. அப்சர்வருக்குன்னு தனி பிசி, ரெண்டு மானிட்டர், நல்ல ஹெட்போன், இது வரைக்கும் குறையே இல்ல. ஆனா கீபோர்டு. யாரோ டீ கொட்டி 7ஆம் நம்பர் பட்டன் ஒட்டிக்கினு இருந்துச்சு, அழுத்துனா உள்ள போயிட்டு மெதுவா மேல வரும், சில நேரம் பதியவே பதியாது. நான் போன முதல் மாசமே சொன்னேன், "அடுத்த வாரம் மாத்திடலாம்மா"ன்னாங்க. ஒரு அரையிறுதியில கடைசி ரவுண்டு, ரெண்டாவது டீம்ல ஒரே பையன் மிச்சம், எதிர்ல மூணு பேரு, அந்தப் பையன் தான் 7. அவன் முதல் ஆள அடிக்கப் போறான்னு மேப்புல எனக்கு நல்லா தெரியுது, தட்டுறேன், பதியல, மறுபடி தட்டுறேன், பதியல, மௌஸ்ல மாத்திப் போறதுக்குள்ள ரெண்டு பேர் காலி, லைவ்ல போனது மூணாவது கில் மட்டும் தான். அந்தப் பையன் வாழ்க்கையில அடிச்ச பெரிய ரவுண்டு ரெக்கார்டிங்ல அரைகுறையா இருக்கு. அவன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல, எனக்குத் தான் அன்னிக்கு சோறு இறங்கல. மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய் அண்ணன் புது கீபோர்டு வாங்கிட்டு வந்தாரு. வந்ததுக்கு நன்றி, ஆனா அஞ்சு வாரம் முன்னாடி வந்திருக்கணும்.

கரண்டு விஷயமும் சொல்லிடணும். ஸ்ட்ரீம் போற பிசிக்கு யூபிஎஸ் இருக்கு, அப்சர்வர் பிசிக்கு இல்ல. கோடையில ரெண்டு தடவ கரண்டு போய் கேஸ்டர்ங்க கருப்பு ஸ்கிரீன வெச்சுக்கினு பேசிக்கினு இருந்தாங்க. இது இன்னும் சரி பண்ணல.

நேர்மை விஷயத்துல ஆனா இவங்க ரொம்ப கண்டிப்பு, அதுக்கு முழு மார்க். ஆடுற பத்து பேரும் அதே ஹால்ல உக்காந்திருப்பாங்க, நம்ம ஸ்கிரீன்ல ரெண்டு டீமும் சுவத்துக்குப் பின்னாடி இருந்தாக் கூட கோடு போட்ட மாதிரி தெரியும், அதனால அப்சர்வர் டேபிள கடைசி மூலையில திருப்பிப் போட்டு துணி கட்டி மறைச்சிருக்காங்க. லைவும் தாமதமா தான் வெளிய போகும். உள்ள போறப்போ போன வாங்கி டப்பாவுல போட்டுடுவாங்க. எதுக்கு இவ்ளோன்னு முதல்ல எனக்கும் தோணுச்சு. 2020 செப்டம்பர்ல சிஎஸ் 2க்கு முந்தின கேமான சிஎஸ் கோ உலகத்துல 37 கோச்சுங்களுக்கு ஈஎஸ்ஐசி, அதாவது ஈஸ்போர்ட்ஸ்ல நேர்மையப் பாத்துக்குற கமிஷன், தடை போட்டுச்சு, கேம்ல இருந்த ஒரு கோளாறால அவங்க கேமரா மேப்புல ஒரு எடத்துல மாட்டிக்கினு எதிர் டீம் நடமாட்டத்தக் காட்டிக்கினு இருந்துச்சு, அத வெளிய சொல்லாம பயன்படுத்துனாங்கன்னு. ஒரே ஒரு கேமரா கோணம், அவ்ளோ பேர் பேரு கெட்டுச்சு. நம்ம கண்ணு முன்னாடி இருக்கிறது எல்லாக் கோணமும். அத நெனச்சா போன டப்பாவுல போடுறது பெரிய விஷயமே இல்ல.

மாசத்துல ஒரு ஞாயிறு பிஜிஎம்ஐ, போன்ல ஆடுற பப்ஜியோட இந்திய வடிவம். கூட்டம் அன்னிக்கு தான் வரும், ஏன்னா பிசி எல்லார் வீட்டுலயும் இல்ல, போன் இருக்கு. 2020ல பப்ஜி மொபைல தடை பண்ணி, 2021 ஜூலையில பிஜிஎம்ஐயா வந்து, 2022 ஜூலையில அதையும் தூக்கி, 2023 மே மாசம் திரும்ப வந்துச்சு, இத்தனைக்கும் நடுவுல என் தம்பி கூட்டாளிங்க ஒரு டீமா அப்படியே இருந்தாங்க, அது எனக்குப் பெருமை. ஆனா அப்சர்வருக்கு அது பெரிய கஷ்டம். 16 டீம், 64 பேர், எராங்கல் மேப்புல நாலு மூலையிலயும் ஒரே நேரத்துல சண்டை நடக்கும். ஒருத்தர் சண்டையப் பிடிக்கணும், இன்னொருத்தர் ஜோனையும் (சுருங்கிக்கினே வர்ற பாதுகாப்பு வட்டம்) வண்டில வர்ற டீமையும் பாக்கணும், குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். இங்க பல தடவ ஒரே ஆள உக்கார வெச்சிடுறாங்க. இது பெரிய குறை, நான் நேர்லயும் சொல்லிட்டேன்.

காசு கிடையாது, அது முன்னாடியே தெளிவா சொல்லிடுறாங்க. சாப்பாடும் போக வர செலவும் உண்டு. மதியம் பிரியாணி, சாயங்காலம் வியாசர்பாடி பக்கத்துல இருந்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கிட்டு வருவாங்க, பொரிச்ச பூண்டு மணத்தோட சூடா இருக்கும், கை நல்லா கழுவிட்டு தான் கீபோர்டத் தொடணும்னு அண்ணன் சத்தம் போடுவாரு, அதுவும் சரி தான். மதியம் ரெண்டு மணிக்கு உக்காந்தா சில நாள் ராத்திரி பத்து ஆயிடும். நடுவுல மாத்தி உக்கார ஆள் இல்லன்னா ஆறாவது மணி நேரத்துல கண்ணு எரியும், மேப்ப பாத்தாலும் மூளைக்கு ஏறாது. மூணு மேட்ச்சுக்கு ஒரு தடவ ஆள் மாத்தணும்னு எழுதியே கொடுத்தேன், இப்போ ரெண்டு மாசமா பின்பத்துறாங்க. அதே மாதிரி முடியுறப்போ கேஸ்டர் பேரு மட்டும் ஸ்கிரீன்ல வரும், அப்சர்வர் பேரு வராது. கேட்டதுக்கு அப்புறம் வருது. எதுவா இருந்தாலும் வாயத் திறந்து கேளுங்க, இவங்க காது கொடுத்துக் கேக்குறவங்க.

பொண்ணுங்களுக்கு: தனி டாய்லெட் இருக்கு, உள்ள தாழ்ப்பாள் சரியா இருக்கு. சின்னப் பசங்க எல்லாம் "யக்கா"ன்னு மரியாதையா தான் பேசுவாங்க. ராத்திரி லேட்டானா யாராவது ரெண்டு பேர் ஸ்டேஷன் வரைக்கும் கூட வருவாங்க, நான் திருவொற்றியூர் தேரடில இறங்குறதால எனக்கு மெட்ரோவே போதும். அம்மா முதல்ல விடல. "காசு கட்டி ஆடுற ஆட்டமாடி அது?"ன்னு தான் கேட்டாங்க, பேப்பர்ல ரம்மி சாவெல்லாம் படிச்ச பயம். 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டம் பணம் வெச்சு ஆடுறதத் தான் தடை பண்ணுது, ஈஸ்போர்ட்ஸ விளையாட்டா தனியா பிரிச்சு வெச்சிருக்குன்னு தம்பி படிச்சுக் காட்டுனான். அதுக்கும் மேல ஒரு நாள் அம்மா நேர்லயே வந்து மறைப்புக்கு வெளிய உக்காந்து பாத்துட்டுப் போனாங்க, அப்புறம் ஒண்ணும் சொல்லல.

போன மாசம் ஒரு பையனோட அப்பா காசிமேட்டுல இருந்து லுங்கியோட அப்படியே வந்துட்டாரு. "இன்னாம்மா, எம் பையன் இதுல எங்க கீறான்?"ன்னு கேட்டாரு. மேட்ச் நடக்குறப்போ மறைப்புக்கு உள்ள யாரையும் விடக் கூடாது, யாருக்காகவும் ஒருத்தன மட்டும் அதிகமா காட்டவும் கூடாது, அதனால வெளிய உக்கார வெச்சுட்டேன். எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் ரெக்கார்டிங் ஓட்டி, இந்தக் கை தான் உங்க பையன் கை, இப்போ அவன் கண்ணால தான் பாக்குறீங்கன்னு சொன்னேன். நாலு ரவுண்டு பாத்தாரு. "இவன் எப்பவும் மூலையிலயே நிக்கிறானே, பயமா?"ன்னாரு. இல்லப்பா, அந்த மூலைய விட்டா மொத்த டீமும் போயிடும், அவன நம்பித் தான் அங்க நிறுத்தியிருக்காங்கன்னு மேப்ப காட்டி சொன்னேன். மறுபடியும் முதல்ல இருந்து போடச் சொன்னாரு.

சேர நினைக்கிறவங்க ஞாயிறு ஒரு மணிக்கே போங்க, ரெண்டு மணிக்குப் போனா ஓனர் அண்ணனுக்குப் பேச நேரம் இருக்காது. கண்ணாடி போடுறவங்க மறக்காம எடுத்துட்டுப் போங்க, ஏசிக்கு ஒரு துப்பட்டாவோ ஸ்வெட்டரோ வெச்சுக்கோங்க. உக்காந்த உடனே பத்து நம்பரையும் ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் கொடுக்குறேன், யூபிஎஸ் போட்டு பிஜிஎம்ஐக்கு ரெண்டாவது ஆளையும் உக்கார வெச்சாங்கன்னா அன்னிக்கே அஞ்சா மாத்திடுறேன்.