மினிக்கு அலுமினிய டிரம்: ரம்பொடை ஏற்ற இறக்கத்தில் நாலு வருடம்

புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்கு வாரத்தில் மூன்று நாள் போய் வருகிறேன். வண்டி, அப்பா வைத்துவிட்டுப் போன, பழைய ஸ்ரீ இலக்கத் தகடு கொண்ட ஒஸ்டின் மினி கார். பத்து அங்குலச் சில்லு, நாலு பக்கமும் டிரம் பிரேக்: சில்லோடு சுற்றும் வட்டக் கிண்ணம்தான் டிரம், அதன் உள்சுவரில் 'சூ' என்ற வளைந்த கட்டை அழுந்தி உரசி வண்டியை நிறுத்தும். 2021 ஆவணியில் பின்சில்லு இரண்டுக்கும் அலுமினிய டிரம் போட்டேன். அதற்குப் பிறகு மீற்றரில் 23,000 மைல் ஏறியிருக்கிறது. போடலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவரை வாயால்தான் சொல்லி வந்தேன். இப்போது முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம், பழைய இரும்பு டிரம் தேய்ந்து போனதுதான். ஏற்கனவே இரண்டு தடவை லேத்தில் கடைந்தாயிற்று. மூன்றாம் தடவை கொண்டுபோனபோது, "இனிக் கடைஞ்சா கனம் பத்தாது சேர், வெடிச்சிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். கிடைத்தவை எல்லாம் என்னுடையதைப் போலவே தேய்ந்தவை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது, அதனால் வேறு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. லண்டனிலிருந்து வந்த மச்சான் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்து ஒரு சோடி அலுமினிய டிரம் கொண்டு வந்தார். விலை இரும்பைவிடப் பல மடங்கு.

மினிக்காரர்கள் 'மினிஃபின்' என்று சொல்வது இதைத்தான். பெயர்தான் அலுமினியம், சூ உரசும் இடத்தில் வார்ப்பிரும்பு வளையம் ஒன்று உள்ளே பதிந்திருக்கும். வெளியே சுற்றிவரச் செதில் செதிலாக விளிம்புகள். இரும்பு வளையம் இல்லாத டிரம்மை யாராவது தந்தால் வாங்காதீர்கள், சூ அலுமினியத்தைக் கொஞ்ச நாளில் தின்றுவிடும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பேசர் என்ற ஒரு அங்குல இடைத்துண்டும் சேர்ந்தே வரும், சில்லு வெளியே தள்ளி நிற்கும். என்னுடையது ஸ்பேசர் இல்லாத வகை. சந்தியில் உள்ள மரக்கறிக் கடைத் தராசில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்த்தோம். புதியது ஏறக்குறைய பாதி எடைதான்.

மாட்டுவது சுலபம். சில்லைக் கழற்றி, சூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, இரண்டு ஸ்குரூவை எடுத்தால் டிரம் வந்துவிடும். ஆனால் முதலில் மாட்டிய இடத்தில் சில்லின் நட் ஏறும் புரியாணியான ஸ்டட்டைக் கவனிக்கவில்லை. அலுமினிய டிரம்மின் முகம் இரும்பைவிடக் கனம். அந்தக் கனம் போக, நட்டுக்குள் இறங்கிய ஸ்டட்டின் நீளம் குறைந்துவிட்டது. நாலாம் நாள் லபுக்கலை தாண்டியதும் பின்னாலிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தேன். இடது பின்சில்லில் ஒரு நட் கையாலேயே சுற்றியது. மற்றவற்றை இறுக்கிக்கொண்டு இரண்டாம் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் கம்பளையில் எனக்குத் தெரிந்த கராஜ் அண்ணன் நட்டைக் கழற்றி எண்ணிக் காட்டினார்: நாலே நாலு புரிதான் பிடித்திருந்தது. நீளமான ஸ்டட் போட்ட பிறகு நட் முழுக்கப் பிடிக்கிறது. முதல் நூறு மைலில் மறுபடி ஒரு தடவை இறுக்கவும் வேண்டும். புது அலுமினியம் நட்டின் அழுத்தத்தில் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும். டிரம் வாங்கும் அன்றே ஸ்டட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். நான் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு.

எதிர்பார்த்தது, இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கைவிடாது என்பது. நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன், கணக்கையும் போட்டுப் பார்த்திருந்தேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பளை போய்ச் சேர்வதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். நாலு பேரோடு மினி 900 கிலோ என்று வைத்தால், ஆயிரம் மீற்றர் இறக்கத்தில் வெளிப்படும் சக்தி 26 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இதில் காற்றும் எஞ்சினும் வாங்கியது போக மிச்சமெல்லாம் அந்த நாலு டிரம்முக்குள்தான். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அந்த மார்கழியில் குடும்பத்தோடு இறங்கினோம். மூடுபனி, தூறல், முன்னால் ஒரு பஸ். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மிதித்து மிதித்து வந்ததில், ரம்பொடையை நெருங்கும்போது கால் வழக்கத்தைவிட அழுத்தமாக இறங்க வேண்டியிருந்தது. சூ கருகும் வாசனையும் வந்தது. நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் போத்தலில் விரலை நனைத்து ஒவ்வொரு சில்லிலும் ஒரு சொட்டுத் தெறித்துப் பார்த்தேன். (ஒரு சொட்டு மட்டும். சூடான டிரம்மில் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.) முன்சில்லில் சொட்டு விழுந்ததும் 'சுர்' என்று துள்ளி மறைந்தது. பின்சில்லில் மெதுவாகக் கொப்பளித்தது. பத்து நிமிடம் கழித்துப் பின்சில்லில் சொட்டு அப்படியே வழிந்தது. முன்சில்லில் இன்னும் 'சுர்'தான்.

அப்போதுதான் விளங்கியது. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்கிறது, பிரேக் வேலையில் பெரும்பங்கும் முன்சில்லுக்குத்தான். நான் குளிர்ச்சியாக்கியது குறைவாக வேலை செய்யும் பக்கத்தை. டிரம் சூடானால் விரிந்து சூவைவிட்டு விலகும், அதனால் பெடல் இன்னும் ஆழத்துக்குப் போகும். அடுத்த கிழமையே முன்பக்கச் சூவுக்கு, உரசும் பாகமான லைனிங்கைப் புதிதாக ஒட்டி, சூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை மாற்றி, பிரேக் எண்ணெயையும் டொட் 4 தரத்துக்கு மாற்றினேன். டொட் 4 புதிதாக இருக்கும்போது 230 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் குடித்துப் பழசானால் 155க்கு இறங்கிவிடும். எங்கள் ஊர் மழைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றாமல் இருக்க முடியாது. இவ்வளவும் செய்த பிறகு அந்த வாசனை திரும்பி வரவில்லை. கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் இந்த வேலைகளைச் செய்யுங்கள், அலுமினியம் பிறகு வரட்டும்.

அப்படியானால் காசு வீணா? இல்லை. எதிர்பாராத பக்கத்தில் பலன் கிடைத்தது. பின்சில்லுகள் இலேசானதில் குழி விழுந்த வீதியில் வண்டியின் பின்புறம் துள்ளுவது குறைந்துவிட்டது. மினிக்கு ஸ்பிரிங்குக்குப் பதில் றப்பர் கூம்புதான்; அதன் முரட்டுத்தனம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். புசல்லாவைப் பக்கம் மழைக்குப் பின் கல் பெயர்ந்து கிடக்கும் வளைவுகளில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பின்சீற்றில் உட்காரும் அம்மாவே, "இப்ப இடுப்பு தப்பிச்சுது" என்றார். பழைய டிரம்மில் காலையில் வரும் கீச்சுச் சத்தமும் இல்லை.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீண்ட இறக்கம் முடிந்த சூட்டோடு நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டால், ஆறும்போது டிரம் சுருங்கிச் சூவைக் கவ்விக்கொள்ளும். இரும்பிலும் இது நடக்கும், அலுமினியம் சூட்டுக்கு இரட்டிப்பாக விரிவதால் இதில் இன்னும் இறுக்கம். நான் கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் வைத்துவிடுவேன். ஆறிய பிறகுதான் ஹேண்ட் பிரேக்.

பெரிய பாடம் 2022இல் கிடைத்தது. பெற்றோல் இல்லாமல் வண்டி இரண்டு மாதத்துக்கு மேல் அசையாமல் நின்றது, அதுவும் மழைக்காலம். பிறகு கழற்றப் பார்த்தால் வலது டிரம் அசையவில்லை. அலுமினியமும், டிரம்மைத் தாங்கும் நடுப்பாகமான இரும்பு ஹப்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, நடுத்துளையைச் சுற்றி வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. இரும்பாக இருந்தால் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டலாம், இதில் தட்டினால் செதில் உடையும். கராஜ் அண்ணன் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"சேர், கேத்தல்ல தண்ணி கொதிக்க வைங்க."

கொதித்த தண்ணீரைத் துளையைச் சுற்றி மெதுவாக ஊற்றினார். குளிர்ந்த டிரம்தான், அதனால் பயமில்லை. இரண்டாவது கேத்தலில், தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து இலேசாகத் தட்டியதும் டிரம் 'டொக்' என்று அவர் கையில் வந்து விழுந்தது. ஹப் சூடாகுமுன் அலுமினியம் விரிந்து வழிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை, ஆனியிலும் மார்கழியிலும், பின் டிரம் இரண்டையும் கழற்றிவிடுகிறேன். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்து, ஒட்டாமல் இருக்கும் செரமிக் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுவேன். செம்பு கலந்தது வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். ஸ்டட் புரியிலோ சூ பக்கமோ ஒரு பொட்டும் படக்கூடாது. பின்னால் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டருக்கும் அப்போதே எண்ணெய் விட்டு அசைத்துவிட்டால் அது துருவேறி இறுகாது. உள்ளே இரும்பு வளையமும் அலுமினியமும் சேரும் கோட்டை நகத்தால் சுற்றித் தடவிப் பார்ப்பேன். இடைவெளி தட்டுப்பட்டால் அந்த டிரம் அன்றோடு முடிந்தது. நாலு வருடமாக இரண்டிலும் அப்படி எதுவும் இல்லை. வளையத்தின் தேய்மானமும் சொற்பம்தான், லேத்துக்குப் போகும் தேவை இன்னும் வரவில்லை.

இவ்வளவு செய்தும் ரம்பொடையில் இறங்கும்போது ஏறிய கியரிலேயேதான் இறங்குகிறேன், இரண்டாம் கியர். அப்பா சொல்லித் தந்தது அது. மினியில் எஞ்சின் இழுப்பதும் முன்சில்லைத்தான், ஆகவே எஞ்சினின் பிடிப்பும் அந்தச் சூடேறும் சில்லுகளுக்கே உதவுகிறது. வளைவுக்கு முன் அழுத்தி மிதித்துவிட்டுக் காலை முழுக்க எடுத்துவிடுவேன். காலை இலேசாக வைத்துக்கொண்டே வந்தால், செதில் எவ்வளவு இருந்தாலும் டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்காது.

ஹப்புத்தளையில் மினி வைத்திருக்கும் நண்பர் போன கிழமை அழைத்து, இதே டிரம் வாங்கப் போவதாகச் சொன்னார். முன்பக்கச் சூ எப்போது மாற்றியது என்று கேட்டேன். நினைவில்லை என்றார். சனிக்கிழமை வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் முன்சில்லைக் கழற்றிப் பார்ப்போம்.