டாஷ்ஹண்டுக்கான முதுகுப் பாதுகாப்புத் தொகுப்பு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டு டாஷ்ஹண்ட் நாய் சீனிக்கு வயது ஆறு, எடை எட்டு கிலோ. முதுகு பெல்ட், பின்னங்காலைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை, மடக்கும் சாய்பலகை ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் வரும் இந்தத் தொகுப்பை எட்டு மாதங்களுக்கு முன் 6,400 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். பட்டைக்காக வாங்குவதென்றால் தயங்க வேண்டியதில்லை. பெல்ட்டை நம்பி வாங்குவதாக இருந்தால் தயவுசெய்து முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"நீளமான முதுகு தொய்வதால் வரும் வலிக்கு" என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியில் வளைக்கரடியை (பேட்ஜர்) வளைக்குள் புகுந்து துரத்துவதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட இந்த இனத்தின் கால்களைக் குட்டையாக்கிய மரபணு மாற்றத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையில் மெத்தைபோல் இருக்க வேண்டிய ஜவ்வு, இளம் வயதிலேயே ஈரம் வற்றிச் சுண்ணாம்பேறிவிடுகிறது. அப்படிக் கெட்டிப்பட்ட ஜவ்வின் நடுப்பகுதி, ஏதோ ஒரு நாள் உறையைக் கிழித்துக்கொண்டு மேலே பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது. ஏறத்தாழ ஐந்து டாஷ்ஹண்டுகளில் ஒன்றுக்கு வாழ்நாளில் இது நேர்கிறது. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில், மார்புக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில். உள்ளே பிதுங்கியதை வெளியே கட்டும் துணி எப்படி உள்ளே தள்ளும் என்று வாங்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கடந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, சீனி ஊஞ்சலிலிருந்து குதித்து இறங்கியது. கத்தவில்லை, நொண்டவும் இல்லை. இரவில் சோற்றுத் தட்டின் அருகில் போய் நின்றது. ஆனால் தலையைக் குனிந்து சாப்பிட மறுத்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. வயிற்றைத் தொட்டால் பலகைபோல் இறுகியது. உடம்பு மெல்ல நடுங்கியது. வயிற்றுவலி என்று எண்ணி என் மாமியார் ஓமவாட்டர் கொடுக்கச் சொன்னார், நானும் கொடுத்தேன். முதுகு வலிக்கும் நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும் என்பதும், அதைப் பலரும் வயிற்றுவலி என்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் தொகுப்பிலிருந்த வழிகாட்டித் தாளைப் பார்த்தேன். வலியின் அறிகுறி தெரிந்தால் பெல்ட்டை அணிவித்து, இயல்பான நடைப்பயிற்சியைத் தொடரலாம் என்று அதில் இருந்தது. அப்படியே செய்தேன். பெல்ட் இறுக்கிப் பிடித்ததால் முதுகின் வளைவு மறைந்தது. நாய் தேறிவிட்டதுபோல் தோன்றியது. மாலையில் மொசைக் தரையில் நகம் தேயும் ஓசை கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். வலது பின்பாதம் மடங்கி, புறங்காலைத் தரையில் தேய்த்தபடி சீனி நடந்துகொண்டிருந்தது. அரை நாளை அந்தத் தாள் தின்றுவிட்டது என்பதுதான் இந்தத் தயாரிப்பின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை.

கால்நடை மருத்துவர் முதலில் செய்தது பெல்ட்டைக் கழற்றியதுதான். ஒவ்வொரு பின்பாதத்தையும் தலைகீழாக மடக்கி வைத்து, நாய் அதைத் தானாகத் திருப்பிக்கொள்கிறதா என்று பார்த்தார்; இடது பாதம் உடனே திரும்பியது, வலது பாதம் சற்று நேரம் அப்படியே கிடந்தது. அடுத்து விரலிடுக்கைக் கிள்ளினார். காலை இழுத்துக்கொள்வது மட்டும் போதாது, நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அல்லது முனக வேண்டும், அப்போதுதான் வலி மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்று பொருள் என்றார். சீனி திரும்பி அவர் கையைக் கவ்வப் பார்த்தது, அவர் மகிழ்ந்தார். அந்த ஆழ்ந்த வலியுணர்வு இருக்கும்வரை அறுவைச் சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மீண்டும் நடக்கும். அது போய்விட்டால் பாதிக்குப் பாதிதான் என்று சொல்லி, எழுந்து நிற்க முடியாமல் போனாலோ சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று எச்சரித்தார். சாதாரண எக்ஸ்ரேயில் நசுங்கிய தண்டுவடம் தெரியாது. அறுவைக்குப் போவதானால் எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேன் வேண்டும். சீனி தள்ளாடியபடியேனும் தானாக நடந்ததால், வலி மாத்திரையும் நான்கு வாரக் கூண்டு ஓய்வும் போதும் என்றார். முன்பு வேறு காரணத்துக்கு வாங்கி மீந்திருந்த ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் இருப்பதைச் சொன்னபோது, இந்த வலி மாத்திரையோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையும் குடலும் புண்ணாகிவிடும் என்று கடிந்துகொண்டார். மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

இனி பட்டையைப் பற்றி. கூண்டிலிருந்து சிறுநீர் கழிக்க மட்டும் வெளியே எடுக்க வேண்டிய அந்த நான்கு வாரங்களில் இது கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது. அடிவயிற்றின் கீழ் செல்லும் பகுதி உள்ளங்கை அகலமுள்ள மெத்தைத் துணி. தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கவில்லை. கைப்பிடி நீளமாக இருப்பதால் நான் குனியாமலே பின்பகுதியைத் தாங்க முடிந்தது. பட்டையைத் தூக்கக் கூடாது, தளர்வாகப் பிடித்துக்கொண்டு நாய் சாயும்போது மட்டும் தாங்க வேண்டும் என்பது மூன்றாம் நாளில் கைவந்தது. துவைத்தால் உலர ஒரு நாள் ஆகிறது, ஆகவே இரண்டாவதாக ஒன்றைத் தனியாக வாங்க நேர்ந்தது.

சாய்பலகையை வாங்கிய வாரத்திலேயே ஓரங்கட்டியிருந்தோம். அதன் மேல் ஒட்டியிருந்த வழவழப்பான விரிப்பில் சீனி ஒருமுறை சறுக்கியதும் பிறகு அதை மிதிக்கவே மறுத்துவிட்டது. அது பயன்பாட்டில் இருந்திருந்தால் ஊஞ்சல் குதிப்பு நடந்திருக்காது என்ற எண்ணம் இப்போதும் உறுத்துகிறது. பலகையின் நீளம் மூன்றடி. எங்கள் சோபாவின் உயரம் ஒன்றரை அடி. கணக்குப் போட்டால் 30 பாகைச் சரிவு, குட்டைக் காலுக்கு இது செங்குத்து. தச்சரிடம் கொடுத்து ஓரடி நீட்டித்து, விரிப்பை உரித்துவிட்டுத் தேங்காய்நார்ப் பாயை ஆணியடித்த பிறகு, சரிவு 22 பாகையளவுக்குக் குறைந்தது. ஓய்வுக்காலம் முடிந்ததும் பொரித்த மீன் துண்டைக் காட்டிப் பழக்கினோம். ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. தச்சருக்குக் கொடுத்தது 900 ரூபாய்.

பெல்ட்டின் தையலையும் வெல்க்ரோவையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் வேலை என்ன என்பதை விற்பவர்களே தெளிவாகச் சொல்லவில்லை. வலி கண்ட நாயை நடக்க விடச் சொல்லும் அந்த வரியை நீக்குமாறு எழுதினேன். பெல்ட்டை மாற்றித் தருவதாக மட்டும் பதில் வந்தது. பட்டை தனியாக 1,100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதிப் பணத்தில் நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் போதுமான ஒரு கூண்டை வாங்கி வையுங்கள். எங்களுக்கு அவசரத்தில் கூண்டு கிடைக்காமல், முதல் இரண்டு இரவுகள் தொட்டில் கம்பிகளைக் கட்டி மறித்து, பக்கத்தில் பாயைப் போட்டு நான் படுத்திருந்தேன்.