கோடியக்கரை போகிறவர்கள் கவனத்துக்கு: 14,500 ரூபாய் ஏமாந்தேன்

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். இந்த மே விடுமுறையில் ஈசிஆர் வழியாகக் கோடியக்கரை போக நினைப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

சொந்தக் கார்தான். சென்னையில் கிளம்பி வடநெம்மேலி முதலைப் பண்ணை, மரக்காணம் உப்பளம், பிச்சாவரம், தரங்கம்பாடி என்று நின்று நின்று போய், கோடியக்கரையில் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். பறவை என்றால் சோறு தண்ணி மறந்துவிடும் என் மகளுக்காகவே போட்ட பயணம். அறை, பிச்சாவரம் படகு, காட்டுக்குள் ஜீப் எல்லாம் சேர்த்து, சமூக வலைதளத்தில் பக்கம் வைத்து டூர் ஏற்பாடு செய்யும் ஒருவரிடம் 14,500 ரூபாய் கட்டினேன். மொத்தமும் முன்பணமாக.

ஏன் நம்பினேன்? அரை மணி நேரம் போனில் பேசினார். "2018 கஜா புயல்ல எத்தனை வெளிமான் செத்து ஒதுங்குச்சு தெரியுமா அக்கா?" என்று சொல்லும்போது குரல் கம்மியது. காட்டுக்காக இப்படி வருந்துகிறவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினார். ஆயிரக்கணக்கில் பூநாரைகள். "போன வாரம் எடுத்தது, பாப்பாகிட்ட காட்டுங்க" என்றார். காட்டினேன். அவள் குதித்த குதியில் அந்த நிமிடமே பணத்தை அனுப்பிவிட்டேன்.

பிச்சாவரத்தில் எங்கள் பெயரில் படகு டிக்கெட் இல்லை. போன் செய்தால், "நீங்க கட்டிடுங்க அக்கா, கோடியக்கரையில கையில தந்துடறேன்." கட்டினோம். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

கோடியக்கரை சேரும்போது இருட்டிவிட்டது. அவர் சொன்ன விடுதியில் எங்களுக்கு அறை இல்லை. அவர் பெயரையே அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. முதலில் "பேசிட்டு இருக்கேன்", அப்புறம் "சிக்னல் இல்ல", ஒன்பது மணிக்கு மேல் ஸ்விட்ச் ஆஃப். முட்டி வலியில் முனகிய 72 வயது அப்பாவோடு வேதாரண்யம் திரும்பி லாட்ஜ் தேடினோம்.

மறுநாள் நாங்களே நுழைவுச்சீட்டு வாங்கிச் சரணாலயத்துக்குள் போனோம். வெளிமான்களைப் பார்த்தோம், அது ஒன்றுதான் ஆறுதல். பூநாரை? அக்டோபருக்கு மேல் வரும், மார்ச்சோடு பெரும்பாலும் போய்விடும் என்றார் அங்கிருந்த காவலர். சதுப்பு வற்றி உப்புப் பூத்துக் கிடந்தது. கழுத்தில் மாட்டிய பைனாகுலரோடு ஒன்றும் பேசாமல் காருக்குத் திரும்பினாள் என் மகள்.

பணத்தைக் கேட்டால் "திங்கட்கிழமை போடறேன்" என்றார். திங்கட்கிழமை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 14,500 ரூபாய்! சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு.

சரி, சொல்வதாகச் சொன்னது. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். விடுதிக்கு நேரடியாகப் போன் செய்து உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பறவை வரும் மாதம் எது என்று விசாரியுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், நான் இன்றுதான் அழைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

காலையில் தங்கை போனில் பார்த்தேன். அதே பூநாரை வீடியோ, அதே "போன வாரம் எடுத்தது". ஜூன் மாதத்துக்கு ஆள் சேர்க்கிறார்.