பம்பரை வெட்டக் கொடுத்தேன், பீமையே காணோம்: சேலத்துக் கார் பிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில், ஓட்டத்துக்கு முன் வண்டிகளைப் பரிசோதிப்பவர் பின்பக்க இழுவைக் கொக்கியை மாட்டிக் காட்டச் சொன்னார். கார் சுழன்று மண்ணில் இறங்கிவிட்டால் வெளியே இழுப்பதற்கு அந்தக் கொக்கி வேண்டும். பம்பரில் இருக்கும் சிறிய மூடியைக் கழற்றிவிட்டுக் கொக்கியின் திருகுத் தண்டை உள்ளே விட்டேன். மரை எதிலும் பற்றவில்லை. பானைக்குள் விட்ட அகப்பை போலத் தண்டு ஆடியது. அவர் குனிந்து, செல்பேசி வெளிச்சத்தைக் கீழிருந்து அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல பீமே இல்லீங்களே" என்றார். பம்பர் உறைக்குப் பின்னால் குறுக்கே நின்று மோதலைத் தாங்கும் உலோகச் சட்டத்தைத்தான் சொன்னார். விடியற்காலையில் சேலத்திலிருந்து கிளம்பி, 160 கிலோமீட்டருக்கு மேல் லாரிகளுக்கு நடுவே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து இருக்கையில் என் மகன் தூங்கிக்கொண்டே வந்திருந்தான்.

வழக்கறிஞர் மூலம் அறிவிக்கை அனுப்பியிருப்பதால், பம்பர் வேலை செய்து கொடுத்த சேலத்துப் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், வேறு எந்தப் பட்டறையிலும் இதே வேலை நடப்பதை உங்களால் அடையாளம் காண முடியும்.

என்னுடையது இரண்டாம் தலைமுறை ஆடி டி.டி.; நான் பழைய வண்டியாக வாங்கியது. இந்த மாடலின் பின்பக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் தலைமுறைக் கார்கள் வெளிவந்த சமயத்தில், அதிவேகத்தில் பின்பக்கம் லேசாகித் தடுமாறி விபத்துகள் நேர்ந்ததால், நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்துப் பின்புறம் ஸ்பாய்லர் பொருத்திக் கொடுத்தது. என் காரில் அந்த ஸ்பாய்லர் 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தானாக எழும்பும். ஆகவே இந்தக் காரின் பின்புறத்தில் கைவைப்பது அழகு வேலை அன்று என்பது தெரிந்தேதான் இறங்கினேன்.

நான் கேட்ட வேலை சிக்கலானதும் அன்று. காருக்கு அடியில் ஓடிவரும் காற்று, பின் பம்பரின் உட்புறக் குழிவுக்குள் புகுந்து வெளியேற வழியின்றி அடைபடும். எதிர்காற்றில் விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பவரைக் குடை பின்னால் இழுப்பது போல, வேகம் கூடக் கூட அந்தக் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பம்பரின் கீழ்விளிம்பை வெட்டியோ, பக்கங்களில் திறப்பு வைத்தோ அந்தக் காற்றுக்கு வழிவிடுவார்கள். அதோடு சைலன்சர் குழாய்க்கு அருகே உள்ள பிளாஸ்டிக் உருகாமல் இருக்க வெப்பத் தகடு ஒன்றும் வேண்டும். இவ்வளவுதான் வேலை. டிஃப்யூசர் (அடிக்காற்றைச் சீராக வெளியேற்றப் பம்பருக்குக் கீழே மேல்நோக்கிச் சரித்து வைக்கும் பலகை) வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

சாலையில் ஓட்டும் வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பம்பர் உறை ஒன்றைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்து, அதன் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் என் முதலெழுத்துகளையும் வாங்கிய தேதியையும் எழுதிப் பட்டறையில் ஒப்படைத்தேன். வெட்டுவது அதை, தடத்துக்குப் போகும் நாளில் மட்டும் அதை மாட்டிக்கொள்வது, வண்டியோடு வந்த பம்பர் சாலைக்கு முழுசாக இருக்க வேண்டும். இதுதான் பேச்சு. பேச்சு என்று சொல்வதற்குக் காரணம், எதையும் நான் எழுதி வாங்கவில்லை. ஐந்து ரோட்டைத் தாண்டிப் பளபளப்பான முகப்போடு இருந்த இடம், வாசலில் இரண்டு பெரிய வெளிநாட்டுக் கார்கள், "அண்ணா, நம்ம வண்டிங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்ற உரிமையான பேச்சு, இவற்றில் மயங்கினேன். மொத்தம் எண்பத்தைந்தாயிரம், முன்பணம் ஐம்பதாயிரம், பத்து நாளில் வண்டி.

பத்து நாள் ஐந்து வாரமானது. முதலில் பெயின்ட் வரவில்லை என்றார்கள். பிறகு கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை, ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். பண்டிகையைச் சொன்னால் சேலத்துக்காரன் எவனும் எதிர்த்துப் பேச மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். இடையில் இரண்டு முறை நேரில் போனேன். இரண்டு முறையும் கார் உறை போட்டு மூடியிருந்தது. "பெயின்ட்ல தூசி படிஞ்சிருங்கண்ணா" என்று உறையைத் தூக்கவே விடவில்லை. அன்று நான் பிடிவாதமாக நின்றிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இருந்திருக்காது.

வண்டியை எடுத்த அன்று முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பொருந்தியிருக்கும் இடுக்கில், வெள்ளி நிற அடிப்புறம் கொண்ட, பெரணி போல வெட்டுவெட்டான ஓர் இலை சிக்கியிருந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை. பட்டறை இருக்கும் தெருவில் வேப்பமரம்கூடக் கிடையாது. வண்டியை விடும்போது ஓடிய தூரத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒப்பிட்டால் 74 கிலோமீட்டர் கூடியிருந்தது. அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிட்டு வந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "சவுண்டு எதும் வருதான்னு டெஸ்ட் பண்ணோம்" என்றார். பம்பர் வேலைக்கு மலையேறிச் சோதனை எதற்கு என்று அப்போதே நான் கிளறியிருக்க வேண்டும். வண்டி கைக்கு வந்த மகிழ்ச்சியில் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளே பெயின்ட் உரியத் தொடங்கியது. பம்பரின் கீழே, நான் கேட்காத ஒரு கறுப்பு டிஃப்யூசரை ஃபைபரில் செய்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டு இடது ஓரத்தில் வாய் திறந்திருந்தது. நகத்தால் நெம்பியபோது, ஈரச் சுவரிலிருந்து சுண்ணாம்பு பெயர்வது போல ஒரு சாண் நீளத்துக்குப் பட்டி, பெயின்ட், ஃபைபர் எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து கையோடு வந்தது. அடியில் இருந்த பிளாஸ்டிக் வழவழவென்று, எதுவுமே ஒட்டாததைப் போல இருந்தது. காரணம் எளிது. இப்படிப்பட்ட பம்பர் உறைகள் பாலிபுரோப்பிலீனோடு ரப்பர் கலந்து செய்தவை, உட்புறத்தில் பி.பி. என்ற எழுத்துகளோடு அச்சிட்டே இருக்கும். ஃபைபர் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் அதன்மேல் நிலையாக ஒட்டாது. அதே பிளாஸ்டிக் குச்சியைச் சூடுகாற்றில் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன் அதற்கென உள்ள பிரைமரை அடிக்க வேண்டும். இரண்டுமே இங்கு நடக்கவில்லை.

அந்த டிஃப்யூசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரின் அடிப்பாகம் தட்டையாக இருந்து, காற்று சீராக வந்து, டிஃப்யூசரும் மெதுவாக மேலேறினால்தான் அது தரையை நோக்கி வண்டியை அழுத்தும். சரிவு பதினைந்து பாகையைக் கடந்துவிட்டாலே காற்று பெரும்பாலும் பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். எனக்கு ஒட்டிக் கொடுத்திருந்த பலகையைப் பள்ளிப் பாகைமானியை வைத்து அளந்தேன்: முப்பதுக்கு மேல். போதாக்குறைக்கு அதைப் பிடித்திருந்தவை நான்கு செல்ஃப் ஸ்க்ரூக்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் திருகிய ஆணி, தடத்தின் வேகத்தில் எத்தனை சுற்றுக்குத் தாங்கும்? அந்தப் பலகை பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழுந்திருந்தால் யார் பொறுப்பு? காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வழக்கமான வாகனக் காப்பீடு செல்லாது என்று பாலிசியிலேயே இருக்கிறது.

நான் டிஃப்யூசரைக் கழற்றி வைத்துவிட்டு, உரிந்தது உரிந்ததாக இருக்கட்டும் என்றுதான் கோவைக்குப் போனேன். அங்கே நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். தடத்துக்குள் விடவில்லை, அவர் செய்தது சரி. மெதுவாக ஓட்டிச் சேலம் திரும்பி, சூரமங்கலத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரியிடம் வண்டியைக் கொடுத்தேன். அவர் பம்பர் உறையைக் கழற்றிக் கீழே வைத்ததும் இருவருக்குமே பேச்சு வரவில்லை. உறைக்குப் பின்னால், சேசிஸின் இரு முனைகளையும் இணைத்துக் குறுக்கே நிற்க வேண்டிய அலுமினிய பீம் இல்லை. அது பொருந்தும் தாங்கிகள் மட்டும் இரண்டு பக்கமும், ஆங்கிள் கிரைண்டரால் அறுத்த தழும்போடு, பல் போன ஈறு போல நின்றன. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் முதல் அடியை வாங்கிப் பரப்ப வேண்டியது அந்த பீம்தான். உறை வெறும் சட்டை. என் காரில் இழுவைக் கொக்கியின் மரையும் அந்த பீமில்தான் இருக்கிறது.

உறையைத் திருப்பிப் பார்த்தால் மார்க்கர் எழுத்துகளும் இல்லை. வெட்டியிருப்பது வண்டியோடு வந்த பம்பரை. புதுப்பேட்டையில் வாங்கியது எங்கே என்று பட்டறைக்காரரிடம் கேட்டபோது, "ரெண்டும் ஒண்ணுதானுங்கண்ணா, எதை வெட்டினா என்ன" என்றார். பீமைப் பற்றிக் கேட்டதற்கு, "ட்ராக் வண்டிக்கு வெயிட் கொறைக்கணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். சில கிலோ அலுமினியம். அறுத்த துண்டையாவது கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். நான் சொன்னதற்கும் சொல்லாததற்கும் சான்றாக என்னிடம் இருப்பவை வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய ஒரு வரைபடமும், அதற்கு அவர் பதிலாக அனுப்பிய கட்டைவிரலும், ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டும்தான். அந்த வரைபடத்தில் வெட்ட வேண்டிய இடத்தைச் சிவப்பு மையில் குறித்து, "உறை மட்டும்" என்று எழுதியிருந்தது என் நல்ல நேரம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அறிவிக்கைக்குப் பதில் வராவிட்டால் அந்த வழியில்தான் போகப்போகிறேன். இதற்கிடையே பழைய உதிரிபாகமாக ஒரு பீமும், கையில் வெட்டாத உறை ஒன்றுமே மிஞ்சாததால் இன்னொரு பம்பர் உறையும் தேடிப் பிடித்து மாட்டியதில், முதல் வேலைக்குக் கொடுத்ததைவிட அதிகம் செலவாகிவிட்டது.

வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன், பின்பக்கம் மண்டியிட்டு, செல்பேசியைப் பம்பருக்கு அடியில் மேல்நோக்கிப் பிடித்து ஒரு காணொளி எடுத்து வையுங்கள். பீம் ஓரளவாவது தெரியும். இழுவைக் கொக்கியை ஒரு முறை திருகிப் பார்த்துக் கழற்றுங்கள். வண்டியை எடுக்கும்போது, மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், இரண்டையும் அதே இடத்தில் நின்று மறுபடி செய்யுங்கள்; கொக்கி மாட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. போன ஞாயிற்றுக்கிழமை, அதே பட்டறையில் சென்ற ஆண்டு சைலன்சர் மாற்றிய நண்பர் ஒருவர் வீட்டில் இப்படிப் பார்த்தோம். அவருடைய காரில் பீம் இருந்தது. ஆனால் இடது பக்கம் இரண்டு போல்ட்கள் இருக்க வேண்டிய துளைகளில் ஒன்று காலி. மற்றதில் இருந்த நட்டைக் கையாலேயே சுழற்ற முடிந்தது.