மாநாடு எனக்கு, அறை அம்மாவுக்கு

துபாயில் ஏழு இரவு தங்கியதில், அந்த அறையை நான் கண்ணால் பார்த்தது கடைசி மூன்று நாள்தான். முதல் மூன்று நாளும் காலை ஏழரைக்குக் கிளம்பி, இரவு எட்டுக்கு வந்து விழுந்தேன். அப்படி வந்து விழுகிறவர்களுக்கு எல்லா ஹோட்டலும் நல்ல ஹோட்டல்தான். மெத்தை இருந்தது, வெந்நீர் வந்தது, தூங்கிவிட்டேன். ஆனால் கூட வந்த அம்மா பகல் முழுக்க அந்த அறைக்குள்தான் இருந்தாள். ஆகவே இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அவள் சொன்னது. எழுதியது மட்டும் நான்.

நான் பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். 2025 பிப்ரவரி 4 முதல் 6 வரை துபாய் வேர்ல்ட் டிரேட் சென்டரில் ஏ.இ.இ.டி.சி. பல் மருத்துவ மாநாடு நடந்தது. அதற்குப் போவது என்று முடிவானதும், திரும்பும் டிக்கெட்டை 10ஆம் தேதிக்குப் போட்டு அம்மாவையும் சேர்த்துக்கொண்டேன். அம்மாவுக்கு 68 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலைக் கட்டி மேய்த்தவளிடம் ஒரு அடுப்பங்கரையை ஒப்படைத்துவிட்டு நான் பாட்டுக்கு மாநாட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும்.

தங்கியது புர் துபாயில், சமையலறையோடு கூடிய ஹோட்டல் அபார்ட்மென்ட். பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், அங்கே வேலை செய்கிறவர்களோ நல்ல பிள்ளைகள். தவிர, அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு இதே மாதிரி ஒன்று இருக்கிறது.

ஏன் புர் துபாய்? மாநாடு நடக்கிற வாரத்தில் அரங்கத்துக்கு அருகே இருக்கும் ஹோட்டல்களின் வாடகையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். இங்கே ஒரு இரவுக்கு 325 திர்ஹம். அப்போது ஒரு திர்ஹம் ஏறக்குறைய 24 ரூபாய். புர்ஜுமான் மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஆறு நிமிட நடை, அங்கிருந்து சிவப்பு லைனில் மூன்றாவது ஸ்டேஷன் வேர்ல்ட் டிரேட் சென்டர். இறங்கினால் வாசல். டாக்சி பிடிக்கிற வேலையே இல்லை. மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அரங்கத்துக்குப் பக்கத்தில் அறை தேடாதீர்கள், மெட்ரோவுக்குப் பக்கத்தில் தேடுங்கள். அரங்கத்துக்குப் பக்கத்து அறை உங்களுக்கு வசதி. கூட வருகிறவர்களுக்கு அங்கே கீழே இறங்கினால் கார்கள் பறக்கும் ஷேக் சாயித் ரோடுதான். புர் துபாயில் கீழே இறங்கினால் காய்கறிக் கடை.

போன அன்றே கவுன்டரில் 500 திர்ஹம் டெபாசிட் கேட்டார்கள். கார்டில் பிடித்துக்கொண்டார்கள். அது போக டூரிசம் திர்ஹம் என்று ஒரு நாளைக்குப் பத்து வீதம் எழுபது. இது ஹோட்டல்காரர்களின் தந்திரம் இல்லை, 2014இல் இருந்து அரசு வாங்குவது. ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஒரு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை போகும். நெட்டில் புக் செய்யும்போது பல சமயம் மொத்தத் தொகையில் காட்டமாட்டார்கள் என்பதால் நேரில் கேட்டதும் சுருக்கென்கிறது. டெபாசிட் ஊர் திரும்பிப் பதினாறு நாள் கழித்துத்தான் வந்தது. இரண்டு போன், மூன்று மெயில். ஒரு நட்சத்திரம் இங்கேயே போய்விட்டது.

இனி அம்மா.

முதல் நாள் மாலை நான் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தாள். "ஏட்டி, இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு இடுக்கி கூடவா கிடையாது?" இரண்டு தட்டு மின் அடுப்பு இருக்கிறது, மைக்ரோவேவ் இருக்கிறது, துணி துவைக்கிற மெஷின் கூட இருக்கிறது. ஒயின் கிளாஸ் ஆறு இருக்கிறது. சூடான பாத்திரத்தை இறக்க ஒன்றும் இல்லை. பாத்திரம் என்று பார்த்தால் கைப்பிடி வைத்த ஒரு சட்டி, ஒரு தோசைக்கல் மாதிரியான தட்டை. பால் காய்ச்சினால் சோறு வைக்க முடியாது, சோறு வைத்தால் குழம்பு வைக்க முடியாது. அன்று பகலில் அவளே கீழே இறங்கி ரிசப்ஷனில் இருந்த பையனிடம், "தம்பி, இடுக்கி இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். அவன் முகமெல்லாம் சிரிப்பாக, "இடுக்கி அல்ல அம்மே, திருச்சூர்" என்றானாம். தன்னை எந்த ஜில்லா என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் பாவம். கையால் பிடித்துக் காட்டிய பிறகு ஒரு கைத்துண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

அறை சுத்தம். தினமும் துடைத்தார்கள், விரிப்பை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றினார்கள். பக்கத்தில் பள்ளிவாசல் இருப்பதால் அதிகாலைப் பாங்கு தலைமாட்டிலேயே கேட்கும். இதைக் குறையாகச் சிலர் சொல்லக்கூடும். மேலப்பாளையத்துக்கு எட்டிய தூரத்தில் வாழ்ந்த எங்களுக்கு அதுதான் அந்த ஊரில் முதலில் பழகிய சத்தம். அம்மா பாங்குக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

உண்மையான குறை ஏசிதான். ஜன்னல் திறக்காது. சுவரில் இருக்கிற பட்டன் வெறும் அலங்காரம், எதை அமுக்கினாலும் காற்று நிற்காது. பிப்ரவரியில் துபாய் பகலில் 25 டிகிரிதான். வெளியே நம் மார்கழிக் காலை மாதிரி இதமாக இருக்கும்போது, அம்மா உள்ளே சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். இரண்டாம் நாள் இரவு, "பல் செட்டு கழலுது" என்றாள். செய்து கொடுத்தவளே நான்தான், கோபம் வந்துவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்பது நடுவில் இருக்கும் மெல்லிய எச்சில் படலத்தால்தான். எச்சில் வற்றினால் எவ்வளவு பொருத்தமாகச் செய்த செட்டும் ஆடும். பாலைவனக் காற்றே உலர்ந்தது, அதற்கு மேல் பகல் முழுக்க ஏசி, பாத்ரூம் தூரம் என்று அவள் தண்ணீரும் குடிக்கவில்லை. அன்று மத்தியானம்தான் வயதானவர்களின் வாய் உலர்வைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்திருந்தேன். குளியல் துண்டை நனைத்து நாற்காலியில் விரித்து ஏசிக்குக் கீழே போட்டேன், ஒன்றரை லிட்டர் பாட்டிலைக் கட்டில் பக்கம் வைத்தேன். மறுநாள் செட் நின்றது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், அறை எடுப்பதற்கு முன் ஜன்னல் திறக்குமா, ஏசியை அணைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்பதை விட இது முக்கியம். (குளம் இருந்தது. பராமரிப்பு என்று பலகை வைத்து மூடியிருந்தது.)

மாநாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாய்க்குள் விட்டு அச்சு எடுக்கும் ஸ்கேனர் ஒன்று வாங்கலாமா என்று பார்க்கப் போனேன். ஆறு ஸ்டாலில் என் பல்லையே ஆறு முறை படம் பிடித்தார்கள். மாவு வைத்து அச்சு எடுத்தால் குமட்டுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். விலையைக் கேட்டால் எனக்குக் குமட்டியது. நடந்து நடந்து கால் போய்விட்டது, தட்டையான செருப்போடு போங்கள்.

மூன்றாம் நாள் மாலை நான் எதிர்பார்க்காதது நடந்தது. மாநாடு முடிந்து ஸ்டேஷனுக்கு வந்தால் அம்மா நிற்கிறாள், தனியாக. நான் வாங்கிக் கொடுத்திருந்த நோல் கார்டைத் தட்டி, புர்ஜுமானில் ஏறி வந்திருக்கிறாள். 25 திர்ஹம் கார்டு, உள்ளே 19 இருக்கும். திருச்சூர்ப் பையன் ஒரு தாளில் ஸ்டேஷன் பெயர்களை எழுதி, மூன்றாவதில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி, தரையில் இளஞ்சிவப்புக் கோடு. சுரங்கத்துக்குள் இருந்த வண்டி சட்டென்று மேலே ஏறி வெயிலுக்கு வந்தபோது பயமாக இருந்ததாம். பிறகுதான் வண்டியில் டிரைவரே இல்லை என்று தெரிந்ததாம். "முன்னாடியே சொல்லியிருந்தா ஏறியிருக்கவே மாட்டேன்" என்றாள். அவள் கையில் இருந்த நூறு திர்ஹம் நோட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பிக் காட்டினேன். அதில் இருப்பது எதிரே நின்ற அதே டிரேட் சென்டர் கோபுரம். 39 மாடி. 1979இல் இங்கிலாந்து ராணி எலிசபெத் வந்து திறந்து வைத்தது. அம்மா நோட்டையும் கட்டடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நோட்டைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டாள். அங்கிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி 828 மீட்டர் புர்ஜ் கலீஃபா நிற்கிறது. அதை அண்ணாந்து பார்த்தாள், கழுத்து வலிக்கிறது என்றாள், நீரூற்று ஆடியதை மட்டும் இரண்டு முறை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் எனக்கும் விடுமுறை. ஜும்மா நேரத்தில் சந்தையில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதை மறந்து ஒரு மணிக்குப் போய் நின்றோம். அதுவும் நல்லதுக்குத்தான் ஆனது. அல் ஃபாஹிதி பழைய தெருக்களில் கூட்டமே இல்லை. அங்கே வீடுகளுக்கு மேலே சதுரக் கோபுரம் இருக்கும், நான்கு பக்கமும் திறப்பு. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும். அதற்கு நேர் கீழே நின்று அம்மா தலையை உயர்த்தி, "இத நம்ம ரூமுக்கு வெச்சிருக்கலாம்லா" என்றாள். பிறகு ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் கடலோடையைக் கடந்து தேரா பக்கம் போனோம். மசாலாச் சந்தையில் குந்திரிக்கம் மட்டும் வாங்கினாள். மஞ்சளை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இருந்து வந்தத நமக்கே விக்கான்" என்று நகர்ந்தாள். திரும்பும் வழியில் கோயில் பக்கத்துச் சந்தில் மல்லிகைப்பூ. விலையை நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாலைவனம். ஆளுக்கு 150 திர்ஹம் கட்டி ஒரு கம்பெனியில் சொல்லியிருந்தேன். வயதானவர் இருக்கிறார், மணல் மேட்டில் வண்டியைக் குதிக்க விடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் இரண்டு முறை எழுதி, சரி என்று பதிலும் வாங்கியிருந்தேன். வந்த லேண்ட் குரூசரில் ஏற்கெனவே நான்கு பையன்கள். அவர்கள் குதிப்பதற்கென்றே காசு கட்டியவர்கள். டிரைவர் பெஷாவர்க்காரர், அவருக்கு ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. கம்பெனிக்கு இந்த இடத்தில் பூஜ்யம். மனிதருக்கு முழு மதிப்பெண்.

லஹ்பாப் பக்கம் மணல் சிவப்பு, இரும்புத் துருவின் நிறம். சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி டயரில் இருந்து காற்றை இறக்கினார், கேஜ் வைத்துப் பாதிக்கும் கீழே. டயர் தட்டையாகப் பரவினால்தான் மணலில் புதையாது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஒட்டகத்துக்கு இந்தப் பாடு இல்ல" என்றாள். பிறகு அவர் எங்கள் இருவரையும் அங்கிருந்த டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, டீக்குத் தானே காசு கொடுத்து, நாற்பது நிமிடம் என்று சொல்லிப் போனார். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.

கடைக்குப் பின்னால் ஒற்றை மரம். தூரத்தில் இருந்து பார்த்து, "இங்கயும் சீமை உடையா?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். பக்கத்தில் போய் முள்ளைத் தொட்டுப் பார்த்தாள், குட்டை முள். இலையைக் கிள்ளாமல் விரலால் நீவினாள். "வன்னிட்டி இது" என்றாள். நான் நம்பவில்லை, போனில் தேடினேன். காஃப் என்று அரபியில் சொல்கிறார்கள். நம் வன்னியேதான். 2008இல் அந்த நாட்டின் தேசிய மரமாக அறிவித்திருக்கிறார்கள். விருத்தாசலத்தில் தல விருட்சமாக நிற்கிற மரம், அங்கே மழையே இல்லாத மணலில் ஆழத்துக்கு வேரை விட்டுத் தண்ணீர் தேடிக்கொண்டு நிற்கிறது. அம்மா செருப்பைக் கழற்றினாள், மூன்று சுற்று வந்தாள். டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கீழே உதிர்ந்து கிடந்ததில் நாலு இலைக் கொத்தைப் பிள்ளையாருக்கு என்று எடுத்து, வைக்க இடம் இல்லாமல் பல் செட் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் எல்லா டூரிலும் இருப்பவை. ஐந்து நிமிட ஒட்டகச் சவாரி, மருதாணி, சுழன்று ஆடுகிற ஆட்டம், சைவச் சாப்பாட்டில் பனீரும் பருப்பும். இரவில் நன்றாகக் குளிரும், சால்வை எடுத்துப் போங்கள். சால்வை அறையிலேயே பழகியிருந்ததால் எங்களிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை. கராமா வரை நடந்து ஒரு காபி, திரும்பி வந்து அறை. அன்றுதான் காலை பதினொரு மணிக்கு அந்தச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். எதிர்க் கட்டடத்தின் சுவர் தவிர ஒன்றும் தெரியாது. தலைக்கு மேல் ஏசி ஊதிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் இங்கே எப்படி இருந்தாள் என்று தோன்றியது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

இருக்கும் இடத்துக்கும் ஆட்களுக்கும் சேர்த்து நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்று. மாநாட்டுக்கு மட்டும் போகிறவர்கள் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். அம்மா தருவது இரண்டரை. அதில் அரை, திருச்சூருக்கு.

கிளம்புகிற அன்று காலை மீனா பஜார் பக்கம் போய் ஆறு திர்ஹத்துக்கு ஒரு இடுக்கி வாங்கி வந்தாள். ஊருக்குக் கொண்டுபோகத்தான் என்று நினைத்தேன். கழுவித் துடைத்து, அடுப்புக்குக் கீழே இரண்டாவது டிராயரில் வைத்து மூடிவிட்டாள். நான்காவது மாடி, லிப்டுக்கு எதிர் அறை.